சுப காரியங்களுக்குத் தனிக் கதிரை

புதன்கிழமை காலை. மழை விட்டும் விடாத நேரம். ஸ்டோர் கதவின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, நான் கணேசன். மஹய்யாவ. ராஜு மச்சான் போயிட்டாரு."

எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளை, கேட்கவில்லை. குரலே சொல்லிவிட்டது.

"ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள... இனி என்னாத்த சொல்றது. டென்ட்டும் கதிரையும் வேணும் தம்பி. நாளைக்கு சாயந்தரம் எடுக்கிறோம். அக்கா ஒங்ககிட்டதான் சொல்லச் சொன்னாங்க. வேற ஆள்கிட்ட போகக் கூடாதாம்."

வேறு ஆளிடம் போகக் கூடாது! வியாபாரம் செய்கிறவன் காதுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை உண்டா? அன்று அது கசந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

அதற்கு முன் ஒரு திருத்தம். இந்த வருட அடைமழை கண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது என்று சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். ஞாயிறு அல்ல, சனி என்று மாத்தளை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. சனிக்கிழமை மாலை மூன்று டென்ட் நனைந்ததை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. நாளும் கிழமையும் பிசகினால் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வரி. நானும் மடவளை ரிஸ்வானும் சேர்ந்து கதிரை, மேசை, டென்ட் வாடகைக்கு விடுகிறோம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு ஸ்டோர், ஒரு பழைய லொறி. லொறி அவன் பொறுப்பு, போன் என் பொறுப்பு. அவன் சாமான் உடையாமல் பார்ப்பான், நான் வாடிக்கையாளர் மனம் உடையாமல் பார்ப்பேன் — அப்படித்தான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு விசயம் உண்டு. எந்த வியாபாரப் புத்தகமும் இதை எழுதுவதில்லை. கல்யாணத்துக்கு மாதம் பார்ப்பார்கள், நாள் பார்ப்பார்கள், கடைசியில் மண்டப ஹோல்காரரே கதிரையும் தருகிறார் என்று நம்மை விட்டுவிடுவார்கள். மரணத்துக்கு யாரும் நாள் பார்ப்பதில்லை. பேரம் பேசுவதும் இல்லை. எங்கள் லொறிக்கு டீசல் அடிப்பது பெரும்பாலும் செத்தவர்கள்தான்.

செவ்வாய்க்கிழமை சாவு வீட்டில் இருந்த கதிரை வெள்ளிக்கிழமை பிறந்தநாள் வீட்டுக்குப் போகும். ஞாயிறன்று கல்யாணத்துக்குப் போகும். இது எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. தெரிந்தும் கேட்காமல் இருப்பது ஒரு பெரிய நாகரிகம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

அன்று என்றால், சென்ற வருடம். பேராதனைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் தாய் எங்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையொன்றைத் தூக்கி, கவிழ்த்து, அடியில் எதையோ தேடினார். ஒன்றும் இல்லை. திரும்ப வைத்தார். ஆனால் அதில் உட்காரவில்லை.

நான் அதைப் பார்த்துவிட்டேன். வாசித்த புத்தகமெல்லாம் தலைக்குள் கூத்தாடியது. வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்காத பயத்தைக் கண்டுபிடி, அதற்கு மருந்தை விற்றுவிடு... ஏறக்குறைய எல்லாப் புத்தகமும் சுற்றி வளைத்து இதைத்தானே சொல்கிறது?

கண்டுபிடித்தேன். கல்யாணத்துக்கென்று மெத்தை வைத்த கதிரைகள் வாங்கினோம். சந்தன நிறம், பொன்னிறக் கால். அவை சுப காரியங்களுக்கு மட்டும். வெள்ளைப் பிளாஸ்டிக், மற்றதற்கு. லொறியின் இரு பக்கமும் மூன்று மொழியிலும் பெயின்ட்டால் எழுதினோம்: சுப காரியங்களுக்குத் தனிக் கதிரை.

ரிஸ்வானுக்குப் பிடிக்கவில்லை. "கதிரைக்கும் சாதி பிரிச்சிட்டியா மச்சான்? எங்கட ஊர்ல மையத்து வீட்டுக்கும் அதே கதிர, கலியாண வீட்டுக்கும் அதே கதிர. ஒருத்தரும் கேக்கிறல்ல."

"இனி கேப்பாங்க. அப்ப நம்மகிட்ட பதில் இருக்கும்."

"கேக்காதவன கேக்க வைக்கிறதா பிஸ்னஸ்?"

"அதுதான்டா பிஸ்னஸ்."

இந்தப் பதிலை நான் மிகுந்த பெருமையுடன் சொன்னேன் என்பதையும் பதிவு செய்து வைக்கிறேன்.

பலித்தது. கேட்கத் தொடங்கினார்கள். "தம்பி, அந்தத் தனிக் கதிரைதானே?" என்று போனிலேயே உறுதிப்படுத்திக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்தார்கள். அப்படி வந்தவர்தான் அம்பிட்டிய புவனேஸ்வரி டீச்சர். ஓய்வுபெற்றவர், ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை அம்பிட்டியவில் புதிதாகத் திறந்திருக்கும் ஹோலில் கல்யாணம். அந்த ஹோல் மேனேஜர் சமன், நல்ல மனிதர், என்னை 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார், தம்பி என்பது போல. இந்தக் கல்யாணம் பிசகில்லாமல் நடந்தால் ஹோலின் எல்லா விசேடத்துக்கும் நாங்கள்தான் என்று சொல்லியிருந்தார். ஹோலுக்கென்று சொந்தக் கதிரை வாங்கும் யோசனையை அதுவரை தள்ளிப்போட்டிருந்தார்.

எங்களுக்கு அது எவ்வளவு பெரியது? ஓர் உதாரணம் சொல்கிறேன். ரிஸ்வான் லொறியை மாற்றுவதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தான். பழைய லொறிக்கு முன்னால் நின்று பேசமாட்டான், அது கேட்டுவிடுமாம். தெருவுக்குப் போய் நின்று பேசுவான்.

இனிப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளைக் கதிரைகள் ஸ்டோரில் இல்லை. திங்கட்கிழமையே திகனைப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பத்தின் மரண வீட்டுக்குப் போய்விட்டன. பெரிய வீடு, பெரிய சனம். எங்கள் கதிரை போதாமல் இன்னொரு கம்பனியின் கதிரையும் அங்கே இருந்தது. கொரியாவிலிருந்து மகன் வரும்வரை பெட்டியை எடுப்பதில்லை என்று காத்திருந்தார்கள். சனிக்கிழமைக்கு முன் ஒரு கதிரையும் திரும்பாது.

தெரிந்த வாடகைக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். டென்ட் இருக்கிறது, கதிரை இல்லை என்றார்கள். கல்யாண மாதம். ஒருவர் சிரித்தே விட்டார்: "ஏன், ஒங்ககிட்டதான் ரெண்டு சாதிக் கதிர இருக்கே!"

ஸ்டோருக்குள் சந்தன நிறக் கதிரைகள் அடுக்கடுக்காக நின்றன. ஞாயிற்றுக்கிழமைக்காக உறை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டத் தொடங்கியிருந்தோம்.

ரிஸ்வான் வந்தான். விசயத்தைக் கேட்டதும் இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு, ரிப்பனை அவிழ்க்கத் தொடங்கினான்.

"டேய், என்ன செய்றே?"

"ராஜு நானா மௌத்தாகியிருக்கார். சனம் மழையில நிக்கிறதா?"

"டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்டா. லொறியிலயே எழுதியிருக்கு."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் ஈக்கி. கழுவலாம். கதிர வாய் தொறந்து சொல்லப் போகுதா எங்க போய் வந்தேன்னு?"

நான் யோசித்தேன். யோசித்த நேரம் கொஞ்சம் அதிகம்தான்.

ராஜு அண்ணன் யார் என்று சொல்ல வேண்டும். மஹய்யாவ ஸ்டாண்டில் த்ரீ வீல் ஓட்டியவர். நான் பிறந்ததும் மஹய்யாவதான், அவர் வீட்டுக்குச் சற்று மேலே. நாங்கள் தொழில் தொடங்கியபோது லொறி கிடையாது. அவர் தன் த்ரீ வீலின் கூரையில் கதிரைகளைக் கயிற்றால் கட்டி, மேலே ஏற்றம், கீழே இறக்கம் என்று ஓட்டிக்கொண்டு போவார். பின்னால் வருகிற பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் தீர்ப்பார்கள். "அடிக்கட்டும் தம்பி. பல்லக்குப் போகுதுன்னு வழி விடுவானுக" என்பார். எங்களுக்கு முதல் ஓடர் கொண்டுவந்ததும் அவர்தான், த்ரீ வீலில் ஏறிய ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து.

அவர் சாவுக்குக் கதிரை இல்லை என்று சொல்ல முடியுமா? சொல்லுங்கள்.

உறைகளைக் கழற்றினோம். லொறியில் ஏற்றினோம். டென்ட்டையும் எடுத்துக்கொண்டோம். ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். லொறியின் பக்கத்தில் எழுதியிருந்தது எங்கள் இருவருக்கும் நினைவுக்கே வரவில்லை. தினமும் பார்க்கிற எழுத்து கண்ணில் படாது போலும்.

மஹய்யாவ ஒழுங்கைக்குள் லொறி பின்பக்கமாக ஏறி நின்றது. வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்ட் த்ரீ வீல்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மழைத்தூறலில் குடையோடும் குடையில்லாமலும் சனம். யாரோ ஒருவர் லொறியில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார்.

"சுப... காரியங்களுக்குத்... தனிக் கதிரை."

ஸ்டாண்ட் ஆள் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னா கணேசா, மச்சானுக்கு ரெண்டாங் கல்யாணமா?"

சாவு வீட்டில்கூடச் சிரிப்பு வரும், வரத்தான் செய்யும். ஆனால் கணேசன் சிரிக்கவில்லை. ராஜு அண்ணனின் மனைவி தெய்வானை அக்காவின் தம்பி அவர். லொறியைப் பார்த்தார், இறங்குகிற கதிரைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வெள்ளைக் கதிர இல்லீங்களா தம்பி?"

"இல்லண்ணே. எல்லாம் திகனைக்குப் போயிருச்சு. இது நல்ல கதிரைதான். மெத்தை வச்சது."

"அது தெரியுது."

டென்ட் போட்டுக் கதிரைகளை வரிசையாக வைத்தோம். வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால்... யாரும் உட்காரவில்லை.

முதலில் காரணம் புரியவில்லை. கல்யாணக் கதிரை என்ற கூச்சமோ என்று நினைத்தேன். பிறகு ஒரு வயதானவர் தன் சாரத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பதைக் கண்டேன். சாரம் நனைந்து, சேறு தெறித்திருந்தது. சந்தன நிற மெத்தையைப் பார்த்தார். சுவரோரம் போய்க் குந்திக்கொண்டார். இன்னொருவர் உட்காரப் போய், எழுந்து, பொலித்தீன் பையொன்றை விரித்துவிட்டு அதன் மேல் விளிம்பில் உட்கார்ந்தார், பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விட்டு உட்காருகிற மாதிரி. பெண்கள் பிள்ளைகளை மெத்தைப் பக்கம் விடாமல் இழுத்துப் பிடித்தார்கள்.

நகரத்தின் எந்த ஹோலில் வைத்தாலும் பாராட்டு வாங்கும் கதிரைகள். அன்று அவை வரிசையாக, வெறுமையாக, மழைத்தூறலில். அவற்றைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது சனம்.

"இருங்க, இருங்க, பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவர் என் சொல்லை நம்பி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார். அந்த இடத்தில் ஈரமும் ஒரு சேற்றுக் கறையும். என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என் தலைக்குள் இருந்தது, வேறென்ன?

தெய்வானை அக்கா வாசலில் நின்றிருந்தார். அழுது ஓய்ந்த முகம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடைக்காதீங்க தம்பி" என்றார். "சனம் பாக்குது."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரோ ஒருவருடைய பிள்ளை பொது இடத்தில் தவறாக ஏதோ செய்யும்போது மெதுவாகச் சொல்வார்களே, அப்படிச் சொன்னார்.

கணேசன் மட்டும் விடவில்லை. வியாழக்கிழமை மாலை, மயானத்திலிருந்து எல்லாரும் திரும்பிய பின், லொறியில் கதிரை ஏற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார். எழுத்தின் மேல் விரலால் தட்டினார்.

"டீக்கடையில தனிக் கோப்பை, ஒக்காரத் தனி வாங்கு. எங்க தாத்தா காலத்துல இருந்து எங்களுக்கு இதெல்லாம் பழக்கம் தம்பி. ஆனா நம்ம மஹய்யாவப் பையன் ஒருத்தன் பெயின்ட் அடிச்சுக் கொண்டுவருவான்னு நெனைக்கல."

"அண்ணே, நான் அந்த அர்த்தத்துல..."

"தெரியும். நீ அந்த அர்த்தத்துல எழுதல. சரி, ஏத்து."

புதன் காலையில் 'நீங்க' என்றவர் வியாழன் மாலையில் 'நீ' என்றார். அந்த இரண்டுக்கும் இடையில் நான் எத்தனை வருடம் பின்னால் போனேன் என்று எந்த நாட்காட்டியிலும் தேட முடியாது.

வெள்ளி முழுவதும் கழுவினோம். சவர்க்காரம், பிறகு சுடுதண்ணீர், பிறகு நான் கொஞ்சம் மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்தேன். ரிஸ்வான் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தேசிக்காயும் போடு. ரசம் வச்சிரலாம்."

கறை போய்விட்டது. உண்மையில் கறை என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, காய்ந்துவிட்டன. புதுக் கதிரை போல நின்றன.

அன்று பின்னேரம் ஒரு படம் வந்தது. ஸ்டாண்ட் பையன்களில் ஒருவன் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். ராஜு அண்ணனின் கடைசிப் பயணம், மலர்ச்சாலையின் சவ வண்டி, குடைகள். பின்னணியில், கதிரை ஏற்றக் காத்து நின்ற எங்கள் லொறி. எழுத்து துல்லியம். மூன்று மொழியிலும்.

கண்டி சின்ன ஊர். மஹய்யாவவில் போட்ட படம் அம்பிட்டியவுக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

"சொல்லாதே" என்றான் ரிஸ்வான். "அந்தப் படத்த டீச்சர் காண மாட்டா. கண்டாலும் கதிர தெரியாது, லொறிதான் தெரியுது. லொறி எங்கேயும் போகும்."

"கேட்டா?"

"கேக்கிற நேரம் பாப்போம்."

"கல்யாணத்தன்னிக்கு, சம்பந்திக்கு முன்னால கேட்டா?"

நான் ஏன் சொல்ல முடிவு செய்தேன் என்பதை இங்கே பெரிய நேர்மையாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. பாதி மனச்சாட்சி, பாதி பயம். விகிதத்தை என்னால் சொல்ல முடியாது. சனிக்கிழமை காலை டீச்சரைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க தம்பி! எல்லாம் ரெடிதானே? ரிப்பன் சிவப்புதானே?"

சொன்னேன். முழுவதையும். ராஜு அண்ணன், மழை, வேறு கதிரை கிடைக்காதது, கழுவியது. மஞ்சளையும் சொன்னேன்.

மறுமுனையில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

"தம்பி" என்றார் கடைசியில். "அந்த எடத்துல நான் இருந்தாலும் குடுத்திருப்பேன். நீங்க செஞ்சது சரிதான்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஏன் தம்பி எங்கிட்ட சொன்னீங்க?"

"மனசு கேக்கல டீச்சர்."

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். தெரிஞ்ச பெறகு என் மக கல்யாணத்துல நான் யாரை அதுல உக்கார வைப்பேன்? நாளைக்கு அவளுக்கு ஒரு சின்னத் தலைவலி வந்தாலும் எனக்கு இந்தக் கதிரைதானே ஞாபகம் வரும்?"

"டீச்சர், நீங்க இதெல்லாம் நம்புறீங்களா?"

"நம்பல. முந்தி யோசிச்சதே இல்ல தம்பி. ஒங்க லொறியப் பாத்த பெறகுதான் யோசிச்சேன்."

மேசைகள் சாவு வீட்டுக்குப் போகவில்லை. அவற்றை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கதிரைக்கு வேறு இடம் பார்ப்பதாகவும் சொன்னார். இரண்டையும் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார், என்னால் வருத்தப்படக்கூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை மேசைகளோடு அம்பிட்டியவுக்குப் போனோம். மலை இறங்கி வருகிற பனிக்குள் ஹோல் வெளிச்சமாக நின்றது. நாதஸ்வரம் சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே கதிரைகள் வரிசையாக, வெள்ளை சாட்டின் உறைக்குள், ரிப்பன் கட்டி. சிவப்பு ரிப்பன்தான்.

ரிஸ்வான் ஒரு கதிரையின் உறையை லேசாகத் தூக்கிப் பார்த்தான். உடனே விட்டுவிட்டான். என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான். கால்ல பச்சை பெயின்ட் கோடு."

"அதுக்கு?"

"திகனையில எங்கட கதிரைக்குப் பக்கத்துல நின்ட கம்பனி. அவன்ட கதிரைக்கெல்லாம் பச்சைக் கோடு. நேத்து பின்னேரம் நான் எங்கடத ஏத்துற நேரம் அவனும் ஏத்தினான். 'எங்க அவசரமா?'ன்னு கேட்டேன். 'அம்பிட்டிய'ன்னான்."

திங்கள் முதல் சனி வரை மரண வீட்டில் இருந்த கதிரைகள். எங்களுடையவை ஒரு நாளும் சொச்சமும் இருந்தன, அதிலும் பாதிப்பேர் உட்காரவே இல்லை. எங்களுடையவை ஒரு நாள் முழுக்கக் கழுவப்பட்டவை. இவை கழுவப்பட்டனவோ இல்லையோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம் என்றான் ரிஸ்வான்.

"போய்ச் சொல்லவா?"

உள்ளே டீச்சர் பட்டுச் சேலையில், சம்பந்தியம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து ஒரு கதிரையில் உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

"வேணாம்டா" என்றேன். "ஒருமுறை சொன்னது போதும்."

அந்தக் கம்பனிக்காரன் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கதிரையின் உறையைத் தூக்கிப் பார்க்க வேறு யாருக்கும் தோன்றவும் இல்லை. கதிரையைக் கவிழ்த்துப் பார்க்க ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். கவிழ்த்துப் பார்க்கப்பட்டவனும் நான் மட்டும்தான்.

மேசைக்கான ரசீதைக் கொடுக்கப் போனபோது சமன் என் தோளில் கை வைத்தார். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், நான் சொல்வது அதன் சாரம்.

"மல்லி, கதிரை பிரச்சினை இல்ல. டெலிபோன்தான் பிரச்சினை. கல்யாணத்துக்கு மொத நாள் அம்மாமாருக்கு ஒரு கவலை கூடக் குடுக்கக் கூடாது. அவங்ககிட்ட ஏற்கெனவே நெறைய இருக்கு."

ஹோலுக்குச் சொந்தமாகவே கதிரை வாங்கப் போவதாகவும் சொன்னார். வெள்ளை, பிளாஸ்டிக், உறையோடு. எல்லாத்துக்கும் ஒரே கதிரை. அதுதான் லேசு.

திரும்பும் வழியில் ரிஸ்வான் புது லொறியைப் பற்றிப் பேசவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் அடைத்து நின்றபோது சொன்னான்: "பெயின்டர்கிட்ட சொல்லோணும். அழிக்க."

"எதை எழுத?"

"ஒன்டும் எழுதத் தேவல்ல. கதிர வாடகைக்கு. அவ்வளவுதான்."

நான் நிறைய வாசிக்கிறவன். வாடிக்கையாளரை ஆச்சரியப்படுத்து, எதிர்பார்ப்பைத் தாண்டு, வித்தியாசமாக நில் என்றெல்லாம் வாசித்திருக்கிறேன். வித்தியாசமாக நின்றால் மழை முதலில் நம் மேல் விழும் என்று எழுதிய புத்தகம் என் கைக்கு இன்னும் வரவில்லை. ஒரு பயத்தை விற்பது சுலபம். விற்ற பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது, ரசீது இருந்தாலும். இதற்காகப் பெரிய கனவே காணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்கிற நிலையில் இல்லை. சந்தன நிறக் கதிரைகள் ஸ்டோரில் நிற்கின்றன, கல்யாணத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை, சாவு வீட்டுக்கு அனுப்ப முடியாது. இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்கின்றன. அவற்றைப் பார்த்தால் எனக்கு யாரோ தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருப்பது திங்கட்கிழமை. காலையில் ஒரு போன். தெய்வானை அக்கா.

"தம்பி, காரியத்துக்குக் கதிர வேணும். கணேசன் வேற ஆளப் பாப்போம்ங்கிறான். நான்தான் வேணாம்னேன். அவரு இருந்தா ஒங்ககிட்டதான் எடுப்பாரு."

"அனுப்புறேன் அக்கா. இந்த முறை நானே வந்து..."

"வெள்ளைக் கதிர இருக்கில்ல?"

"இருக்கு அக்கா. எல்லாம் திரும்பி வந்துருச்சு. நல்ல கதிரையும் இருக்கு, வேணும்னா..."

"அது வேணாம் தம்பி. வெள்ளையே அனுப்புங்க. சனம் உக்காரணும்."

வாடிக்கையாளர் கருத்து என்று இதுவரை எனக்குக் கிடைத்தவற்றில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.